முதல் குதிரை: மார்வாரியா, ரேஸ் குதிரையா, மட்டக்குதிரையா, வாங்காமலே சவாரியா?

ஆடி நெருங்கினாலே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போகிறோம், மார்வாரி வாங்கலாமா, கத்தியவாரி வாங்கலாமா, பெங்களூரில் ரேஸ் ஓடி முடித்த குதிரையைச் சும்மாவே தருகிறார்களாமே, அதைக் கொண்டுவந்துவிடலாமா என்று. கேட்பவர்களில் பலர் தோப்பும் கொஞ்சம் நிலமும் உள்ளவர்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்பார்கள். சிலருக்குச் சின்ன வயதுக் கனவு.

எந்த இனம் நல்லது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். திருவிழா இல்லாத, விருந்தாளி வராத, வேலையாளும் லீவு போட்ட ஒரு மழைநாள் காலை ஐந்தரை மணிக்கு அந்தக் குதிரைக்குப் புல் போட்டு, தண்ணீர் மாற்றி, நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்கப் போவது யார்? அதற்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடிந்தால், அந்த ஆளுக்கு ஏற்ற குதிரை எது என்று தேடலாம். பெயர் வரவில்லை என்றால் கீழே நான்காவதாகச் சொல்லியிருப்பதுதான் உங்களுக்கு.

## எதை வைத்து எடை போடுவது

ஏறும் ஆள். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது சவாரிக்காரர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. சேணமும் அதில் அடக்கம். ஆள் 75 கிலோ, சேணம் 8 கிலோ என்றால் குதிரை 415 கிலோவாவது இருக்க வேண்டும். சந்தையில் உயரத்தை இஞ்சில் சொல்வார்கள், தோள் மேட்டில் அளந்தது. 64 இஞ்ச் என்றதும் மயங்க வேண்டாம். நெஞ்சு ஒடுங்கிய உயரக் குதிரையைவிட, முதுகு குட்டையாய் உருட்டாய் இருக்கும் 60 இஞ்ச் குதிரை நன்றாகச் சுமக்கும். எடையைப் போலவே அனுபவமும் முக்கியம். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் ஓட்ட நடையில் உட்காரத் தெரியாதவர் குதிரை வாங்கும் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை.

லாடம், மருத்துவம். லாடம் அடித்த குதிரைக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறையும், அடிக்காததற்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறையும் குளம்பைச் சீவியாக வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுகிறவரே இதற்கும் கட்டிவிடுவார் என்று நினைக்காதீர்கள். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. ஆணி கொஞ்சம் உள்ளே சாய்ந்தாலும் உயிர்ச்சதையில் இறங்கிச் சீழ் பிடித்துவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, கடல் வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்குவதையும், அவற்றில் பெரும்பாலானவை அடுத்த ஆண்டுக்குள் செத்துவிடுவதையும் எழுதியிருக்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இங்கே இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். பாண்டிய மன்னனிடம் பணத்துக்கா பஞ்சம்? ஆள்தான் இல்லை.

மருத்துவர் விஷயமும் அப்படித்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் தீவனம் அடைத்தாலோ காற்று ஏறினாலோ, மூக்கு வழியே குழாய் விட்டு இறக்கத் தெரிந்த மருத்துவர் சில மணி நேரத்துக்குள் வர வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்துக் கல்லூரி எவ்வளவு தூரம், உங்கள் வட்டாரத்தில் குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரித்து, அவரிடம் ஒருமுறை பேசியும் விடுங்கள்.

தீவனம். கொங்கு நாட்டில் மாடு வளர்த்துப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் 7 முதல் 9 கிலோ வேண்டும், அதில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். பச்சையாக அறுத்துப் போட்டால் எடை நாலைந்து மடங்காகும். தண்ணீர் 25 முதல் 40 லிட்டர், கோடையில் இன்னும் கூட.

மாட்டுக்குப் போடுவதையே போட்டால் போதும் என்று நினைத்தால் குதிரை வீணாகிவிடும். கம்பு நேப்பியர் புல்லில் ஆக்ஸலேட் இருக்கிறது, அது கால்சியத்தைக் கட்டிப்போடும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டையும் மாதக்கணக்கில் போட்டால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து, முகவெலும்பு இரண்டு பக்கமும் வீங்கி, நடை தளர்ந்துபோகும். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லுக்கும் இதே குணம் உண்டு. காங்கேயம் மாட்டை வளர்க்கும் அதே காட்டில் குதிரையை மேயவிட்டால் மட்டும் பற்றாது, சுண்ணாம்புச் சத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். குதிரைமசால் அதற்கு நல்ல துணை. தினசரிப் புல்லுக்கு என்னைக் கேட்டால் அருகம்புல்தான், பச்சையானாலும் சரி, காய்ந்ததானாலும் சரி. வெறும் வைக்கோலை வயிறு நிறையப் போட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். இளஞ்சோளப் பயிர் வேண்டவே வேண்டாம். கடலைக்கொடி சத்துள்ளது. ஆனால் மண்ணை உதறி, பூஞ்சை இல்லாததாகப் பார்த்துப் போடுங்கள். கொள்ளு புல்லுக்குப் பதில் ஆகாது. ஊறவைத்து, வேலைக்கு ஏற்றாற்போல் அளவாகக் கொடுங்கள்.

பண்ணையில் கோழித் தீவனம் இருந்தால் அது குதிரையின் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல் நோய் வராமலிருக்கச் சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்து, மிகக் குறைந்த அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். மாட்டுத் தீவன மூட்டையிலும் அது கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

துணை. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாகக் கட்டிப்போட்டால் கட்டையைக் கடித்துக் காற்று விழுங்கும், நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். இன்னொரு குதிரை இல்லாவிட்டால் ஒரு வெள்ளாடாவது பக்கத்தில் இருக்கட்டும்.

வருடங்கள். நன்றாக வைத்துக்கொண்டால் குதிரை 25 வருடம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். ஆறு வயதில் வாங்கினால், உங்கள் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது லாயத்தில் நிற்கும். சவாரிக்கு ஆகாத கிழக்குதிரையை நல்லவர் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. உதகைத் தெருக்களில் குப்பை மேய்ந்து திரிகிற குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். வாங்கும் நாளில் சவாரிக்கு ஆகாத அந்தக் கடைசி வருடங்களைக் கணக்கில் எடுக்காத யாரோ ஒருவருடைய குதிரைகள் அவை.

ரத்தப் பரிசோதனை. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அது இருப்பது உறுதியானால் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். மாதிரிகளைச் சோதித்து உறுதி செய்வது ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம். குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை, மாட்டு ஈ பரப்பும் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் ஆகிய இரண்டுக்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

## ஒன்று: மார்வாரி, கத்தியவாரி

உள்நோக்கி வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காது, தூக்கிய கழுத்து, மெல்லிய தோல். மார்வாரி ராஜஸ்தானிலிருந்து, கத்தியவாரி குஜராத்தின் சௌராஷ்டிரத்திலிருந்து. சந்தையில் எல்லோர் கண்ணும் போவது இவற்றின் மேல்தான். வறண்ட வெயிலைத் தாங்கும் உடம்பு, குளம்பும் கெட்டி. சிலவற்றுக்கு ரேவால் என்ற சொகுசு நடை பிறவியிலேயே உண்டு, மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் குலுக்கல் தெரியாது. ஈரோடு, திருப்பூர், கரூர் வெயிலுக்கு இவை நன்றாகவே ஒத்துப்போகும்.

மறைந்திருக்கும் செலவு விலைச்சீட்டில் தெரியாது. முதலாவது, பயணம். ராஜஸ்தானின் புஷ்கர், மகாராஷ்டிரத்தின் சாரங்கேடா போன்ற சந்தைகளில் வாங்கி லாரியில் ஏற்றினால் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வருகிறது. தலையைத் தூக்கிக் கட்டியபடியே நீண்ட தூரம் வரும் குதிரை மூச்சுக்குழாயில் சேர்வதைக் குனிந்து வெளியேற்ற முடியாமல் நுரையீரல் காய்ச்சலில் விழும். அந்தியூரில் பார்ப்பதும் பெரும்பாலும் அப்படி வந்து இறங்கியதுதான். எப்போது வந்து சேர்ந்தது என்று கேளுங்கள்.

இரண்டாவது, பழக்கம். வடக்கே கல்யாண ஊர்வலத்துக்கென்று ஆட்டம் பழக்கிய குதிரைகள் நிறைய. ஓரிடத்தில் நின்று முன்காலைத் தூக்கி ஆடுவதைப் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். அந்த ஆட்டம் பல இடங்களில் முள் வைத்த கடிவாளத்தால் கற்றுக்கொடுக்கப்பட்டது. முள் கடிவாளம் 1965ஆம் ஆண்டின் இழுவை, சுமை விலங்கு வதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது, இன்னும் ஒழியவில்லை. ஆகவே வாயைத் திறந்து பல்லோடு நாக்கையும் பாருங்கள். நாக்கின் குறுக்கே வெள்ளைத் தழும்புக் கோடு, வாயோரத்தில் தடித்து முடி கொட்டிய தோல், பல் இல்லாத ஈறு மேட்டில் புண் ஆறிய முடிச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது கையைப் பார்த்துப் பயப்படும் குதிரை. நீங்கள் நிறுத்த இழுப்பீர்கள், அது வலிக்குப் பயந்து பின்காலில் எழும்பும். பொறுமையானவர் கையில் ஒரு வருடத்தில் சரியாகலாம். புதியவர் கையில் ஆகாது.

நுக்ரா என்று விற்கும் வெள்ளைக் குதிரைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ரோஜா நிறத் தோல் உள்ளவற்றுக்கு நம் ஊர் வெயிலில் மூக்கும் கண்ணோரமும் வெந்துபோகும். நிழல் தாராளமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இது யாருக்கு? ஓரளவு சவாரி தெரிந்து, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு. எட்டு வயதுக்கு மேற்பட்ட, ஊருக்கு வந்து இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்ட, பெண் அல்லது காயடித்த மார்வாரி கிடைத்தால், தயங்க வேண்டாம். இரண்டு வயதுக் கருப்பு ஆண் குட்டியை "நாமே பழக்கிக்கொள்ளலாம்" என்று வாங்குவதுதான் புதியவர்கள் திரும்பத் திரும்பப் போய் விழும் குழி.

## இரண்டு: பந்தயம் ஓடி முடித்த தரோபிரெட்

ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம். பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், புனே, மும்பை மைதானங்களிலிருந்து வருபவை. இரண்டு வயதில் ஓடத் தொடங்கி, பல குதிரைகள் ஐந்தாறு வயதுக்குள் வெளியே வந்துவிடுகின்றன. சொற்பக் காசுக்கும் கிடைக்கும், சும்மாவும் கிடைக்கும். இங்கே ஒரு பெரிய அனுகூலம் ஆவணம். பிறந்த ஆண்டு, தாய், தந்தை, அடையாளம் எல்லாம் இந்திய ஸ்டட் புக் பதிவில் இருக்கும், கழுத்தில் மைக்ரோசிப் இருக்கும். வயதை மாற்றிச் சொல்ல வழியில்லை. இவற்றில் காயடித்தவையும் அதிகம்.

ஆனால் பந்தயக் குதிரைக்குக் கடிவாளத்தின் இறுக்கம் என்றால் "இன்னும் வேகமாக ஓடு" என்று அர்த்தம். பயந்துபோன புதியவர் இழுக்க இழுக்க அது சாய்ந்துகொண்டு ஓடும். ஏறும்போது நிற்கவும் பழகியிருக்காது, ஜாக்கியை நடந்துகொண்டே ஏற்றிவிடுவார்கள். இதையெல்லாம் மறக்கவைத்துப் புதிதாகப் பழக்க, தெரிந்த ஆளுக்கே மாதங்கள் ஆகும். அந்தப் பயிற்சியாளரின் சம்பளம்தான் சும்மா கிடைத்த குதிரையின் உண்மையான விலை.

உடம்பிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முன்காலின் பின்பக்கம் முழங்காலுக்குக் கீழே விரலை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். தசைநாண் கயிறு போல நேராகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். வில் போலப் புடைத்திருந்தால், ஒரு கால் மட்டும் சூடாக இருந்தால், அது பழைய காயம். நாள் முழுக்க லாயத்தில் நின்று தானியம் தின்ற குதிரைகளுக்கு இரைப்பைப் புண் சகஜம். குளம்பு மெலிது, லாடம் இல்லாமல் சரளை மண்ணில் நடக்காது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் சிலவற்றுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். மதிய வெயிலில் நடக்கவிட்ட குதிரை உலர்ந்த தோலோடு மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்கு இழுத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். தீவனமும் மார்வாரியைவிடக் கூடுதலாகக் கேட்கும், தானியத்தைக் குறைத்தால் விலா எலும்பு தெரியும்.

கோவை, ஓசூர், நீலகிரி அடிவாரம் போன்ற இதமான இடத்தில் இருப்பவருக்கு, தாண்டும் பயிற்சியில் ஆசை உள்ளவருக்கு, பக்கத்திலேயே பயிற்சியாளர் உள்ளவருக்கு இதைவிட நல்ல குதிரை அமையாது. முதல் குதிரையாக, தனி ஆளாக வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## மூன்று: மட்டக்குதிரை, கலப்பு நாட்டுக் குதிரை

தமிழ்நாட்டுக்கென்று பதிவு பெற்ற குதிரை இனம் கிடையாது. நாட்டுக் குதிரை என்று இங்கே விற்பவை பல வழியில் கலந்தவை. மலை ஊர்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றியவை, தென் மாவட்டங்களில் வண்டிப் பந்தயம் ஓடியவை, கடற்கரையில் நின்றவை. விலை குறைவு, சாப்பாடு குறைவு, குளம்பு கல் போல இருக்கும், நம் ஊர் ஈக்கும் புழுக்கத்துக்கும் பழகியவை.

இங்கே எடைக் கணக்குதான் குறுக்கே நிற்கிறது. 200 கிலோ மட்டக்குதிரை சேணத்தோடு 40 கிலோதான் சுமக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்குச் சரி, அப்பாவுக்கு ஆகாது. ஐந்து வருடத்தில் பிள்ளை வளர்ந்துவிடும், அடுத்து அது யாருக்கு என்று இப்போதே யோசியுங்கள். சுற்றுலாக் குதிரைகளில் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். சேணப் புண்ணின் வெள்ளை முடித் திட்டும், அழுத்தியதும் முதுகைக் கீழே வளைப்பதும் கண்ணில் படும். வண்டிக் குதிரை சேணத்துக்குப் பழகாதது, பின்னால் சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கும்.

பாசத்தில் அள்ளிக் கொடுக்கும் தீனியும் இவற்றுக்கு எமன். குறைந்த புல்லில் வாழப் பழகிய உடம்புக்குத் தினமும் தானியமும் வெல்லமும் கொடுத்தால் கழுத்து தடித்து, குளம்புக்குள் அழற்சி வந்து, நிற்கவே முடியாமல் போகும். லேமினைட்டிஸ் என்கிற அந்த நோய் வந்த குதிரை முன்காலை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்காலில் போட்டு நிற்கும். பார்க்கவே மனசு பதறும்.

பிள்ளைகளுக்காக வாங்குகிறவர்களுக்கும், சவாரியைவிடப் பிராணியோடு பழகுவதுதான் ஆசை என்பவர்களுக்கும் இதுவே என் முதல் தேர்வு. கலப்பில் 57, 58 இஞ்ச் உயரத்தில் உருட்டான பெண் குதிரை கிடைத்தால் எடை குறைந்த பெரியவர்களும் ஏறலாம்.

## நான்கு: வாங்காமல் ஒரு வருடம்

சென்னை, கோவை, ஆரோவில் பக்கங்களில் சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன. மாதக் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்ளலாம். சில இடங்களில் ஒரு குதிரையின் செலவில் பங்கு கொடுத்து, வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் அதை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம். இரவு வயிற்றுவலிக்கு ஓட வேண்டியதில்லை, லாடக்காரரைத் தேட வேண்டியதில்லை. குதிரை உங்களுடையது இல்லை, நேரமும் உங்கள் கையில் இல்லை. இதுதான் குறை.

சவாரியோடு நிறுத்தாதீர்கள். லாயத்தில் சாணி அள்ள, குளம்பு சுத்தம் செய்ய, தீவனம் அளக்க அனுமதி கேளுங்கள். மாதம் சில நாள் விடியற்காலையில் போய் நில்லுங்கள். மழைக்காலம் ஒன்றைக் கடந்து பாருங்கள், அப்போதுதான் ஈரத்தில் குளம்பு அழுகும் வாடையும், ஈ மொய்த்து ஆறாத புண்ணும் எப்படி இருக்கும் என்று தெரியும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் நீங்கள் வாங்கலாம்.

நகரத்தில் இருப்பவர்கள், வாரக்கடைசியில் மட்டும் தோட்டத்துக்குப் போகிறவர்கள், இதுவரை ஐந்தாறு முறை மட்டுமே ஏறியவர்கள், மூவருக்கும் இதுதான்.

## ஒரே பார்வையில்

| | மார்வாரி / கத்தியவாரி | ஓய்வு பெற்ற தரோபிரெட் | மட்டக்குதிரை / கலப்பு | சவாரிப் பள்ளி / பங்கு |
|---|---|---|---|---|
| வாங்கும் விலை | அகன்ற வீச்சு. நிறமும் உயரமும் ஏற்றும் | மிகக் குறைவு, சில நேரம் இலவசம் | குறைவு | இல்லை |
| மறைந்த செலவு | பயணம், பழைய பயத்தைப் போக்கும் பயிற்சி | மறுபயிற்சி, தானியம், லாடம், காயம் | பிள்ளை வளர்ந்த பின் வேறு குதிரை | பயண நேரம் |
| வெயில், புழுக்கம் | வறண்ட வெயிலுக்கு நன்று | கடலோரத்தில் கடினம் | நன்று | பொருந்தாது |
| ஆவணம் | சிலவற்றுக்கே பதிவு | முழுமை | பெரும்பாலும் இல்லை | பள்ளியின் பொறுப்பு |
| தேவையான அனுபவம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு | இல்லாமலும் தொடங்கலாம் |

## ஆணா, பெண்ணா, எத்தனை வயது

இனத்தைவிட இந்த இரண்டும்தான் உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிக்கும். நம் சந்தையில் காயடிக்காத ஆண் குதிரைக்குத்தான் மவுசு. கழுத்தின் கம்பீரம் அப்படி. பக்கத்துத் தோட்டத்தில் பெட்டைக் குதிரை பருவத்துக்கு வந்தால் அந்தக் கம்பீரம் வேலியை உடைக்கும், பிடித்திருப்பவரின் கையையும் உடைக்கும். முதல் குதிரை ஆண் என்றால் காயடித்ததாக இருக்கட்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் செய்துகொள்ளலாம், குணம் தணியச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். குதிரையின் மானத்தைக் கெடுப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஆண் குதிரையைத் தனி லாயத்தில் ஆயுள் முழுக்கச் சங்கிலியில் வைப்பதைவிட, மற்ற குதிரைகளோடு மேயவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

வயது எட்டு முதல் பதினான்கு. சந்தையில் எல்லாமே "நாலு வயசுங்க". பல் உண்மையைச் சொல்லும். பால் பல் முழுதும் விழுந்து வாய் நிறைவது ஐந்து வயதில். மேல்வரிசைக் கடைசி வெட்டுப்பல்லில் பத்து வயதளவில் ஒரு கோடு ஈறிலிருந்து கிளம்பும், பதினைந்தில் பாதிப் பல்லுக்கு வரும், இருபதில் அடிவரை போகும். மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள்.

சுழியைப் பற்றியும் பஞ்சகல்யாணியைப் பற்றியும் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் தலையிட மாட்டேன். நாலு கால் வெள்ளைக்கும் நெற்றி வெள்ளைக்கும் கேட்கும் கூடுதல் விலைக்கு நடையிலோ ஆரோக்கியத்திலோ எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. அந்தப் பணத்தில் ரத்தப் பரிசோதனையும் நல்ல சேணமும் வாங்கிவிடலாம்.

## விலை பேசும் முன்

மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரியைப் பரியாக்கி அனுப்பிய கதை தெரியும், இரவில் அவை மறுபடி நரியாகி ஊளையிட்டன. சந்தையில் சாதுவாக நிற்கும் குதிரையும் சில நேரம் மயக்க ஊசியின் வேகம் தணிந்ததும் வேறு குதிரையாகிவிடும். கீழுதடு தொங்கி, கண் பாதி மூடி, தலை தாழ்ந்து, சத்தத்துக்குக் காதைத் திருப்பாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைப்பதும் நடக்கிறது. ஒரே குதிரையை இரண்டு வேறு நாளில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். சந்தைக் கூட்டத்தில் அது முடியாது என்றால், விற்பவரின் ஊருக்கே போங்கள்.

தார்ச்சாலையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நேராக ஓட்ட நடையில் போகச்சொல்லித் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். காலைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். நோகும் முன்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு லாடச் சத்தத்தையும் கேளுங்கள், நான்கும் ஒரே தாளத்தில் விழ வேண்டும். நான்கு காலையும் நீங்களே தூக்கிப் பாருங்கள். சேணத்தை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். முதலில் உரிமையாளர் ஏறட்டும். அவரே ஏறத் தயங்கும் குதிரையில் நீங்கள் ஏற வேண்டாம். வண்டியில் ஏற்றி இறக்கியும் காட்டச் சொல்லுங்கள்.

அமைந்துவிட்டால், அடையாளங்கள், வயது, விலை, பரிசோதனை முடிவு எல்லாம் எழுதிய கையெழுத்துச் சீட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய இடத்தில் தின்ற தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கி வந்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள். வேறு குதிரை இருந்தால் இரண்டு வாரம் தள்ளிக் கட்டுங்கள். தினமும் இருவேளை காய்ச்சல் பாருங்கள், 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதற்கு மேல் போனாலோ, மூக்கில் சளி தெரிந்தாலோ, ஒரு வேளைத் தீனியை ஒதுக்கினாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரண ஜன்னி ஊசி போட்டதற்கு அத்தாட்சி இல்லை என்றால் போட்டுவிடுங்கள், குதிரையை அந்த நோய் சுலபமாகப் பிடிக்கும். அந்த இரண்டு வாரமும் சேணம் சுவரிலேயே தொங்கட்டும். கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடத்திக் காட்டுங்கள், எது தண்ணீர்த் தொட்டி, எது மோட்டார் சத்தம், யார் தீனி போடுகிறவர் என்று அதற்குத் தெரியட்டும்.